பழைய தங்கப்பல்லை விற்கப் போறீங்களா? எடை, மாற்று, விலை - மூணையும் கேளுங்க!



வெயில் காலம் வந்துவிட்டால் மலையில் காய் எடுப்பு நின்றுபோகும். போடியிலிருந்து விடியக்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை என்று வேலைக்குப் போகிற நம்ம பெண்களுக்கு வேலை நாள் குறைந்துபோகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டு, பை, சீருடை, பஸ் செலவு என்று வரிசையாக வந்து நிற்கும். அப்போது பீரோவில் சுருக்குப்பையைத் துழாவுவோம். ஒத்தைத் தோடு ஒண்ணு, அறுந்த செயின் துண்டு ஒண்ணு இருக்கும். சில வீடுகளில் அம்மாவோ மாமியாரோ கட்டியிருந்த தங்கப்பல்லும் ஒரு காகிதத்தில் மடித்துக் கிடக்கும்.

தோடு, செயின் என்றால் கேட்க நமக்குத் தெரியும். தங்கப்பல் என்றால் கூச்சம். "வாயில கிடந்ததை எப்படி கடையில நீட்டுறது?" என்று ஒரு பக்கம். "இத்தனூண்டுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்று இன்னொரு பக்கம். அந்தக் கூச்சத்தில் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில் இத்தனூண்டு கூட ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவாக இருக்கலாம். அதேபோல மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கமும் இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் ஏமாறவும் வேண்டாம், வீணாக ஆசைப்பட்டு வருத்தப்படவும் வேண்டாம்.

தங்கப்பல் முழுத் தங்கம் இல்லை

பல்லுக்குத் தங்கம் வைப்பது இன்று நேற்று வந்ததல்ல. இத்தாலி நாட்டில் வாழ்ந்த எட்ருஸ்கர் என்ற மக்கள் சுமார் 2,500 வருடத்துக்கு முன்பே தங்கத் தகட்டால் பல்லைக் கட்டியிருக்கிறார்கள். தங்கம் துருப்பிடிக்காது, எச்சிலில் கரையாது, ஈறை உறுத்தாது. அதனால்தான் வைத்தியர்கள் அதை விரும்பினார்கள்.

ஆனால் சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். முறுக்கு கடித்தால் நசுங்கிப் போகும். அதனால் வெள்ளி, செம்பு, பல்லேடியம், பிளாட்டினம் போன்றவற்றைக் கலந்து கெட்டியாக்குவார்கள். எவ்வளவு கலப்பு என்பது செய்தவரைப் பொறுத்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1984-இல் ஒரு வகைப்பாடு செய்தது. அதன்படி பல்லுக்கான உலோகத்தை உயர்ந்த வகை என்று சொல்ல வேண்டுமானால் நூற்றுக்கு 40 பங்காவது தங்கம் இருக்க வேண்டும். அதாவது உயர்ந்த வகையிலேயே பாதிக்கும் குறைவாகத் தங்கம் இருக்கலாம். 80 பங்குக்கு மேலும் இருக்கலாம். பழைய காலத்தில் 22 காரட் தகட்டை அடித்து மூடி போலச் செய்து மாட்டியதும் உண்டு. அவை தகடாக இருப்பதால் எடை குறைவு, மாற்று அதிகம்.

ஆகவே "தங்கப்பல் என்றால் இத்தனை காரட்" என்று யாராவது பார்த்த மாத்திரத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எது தங்கம்? எது இல்லை?

கையில் இருப்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். காயைத் தரம் பிரிக்கிற கை நம்ம கை. இதுவும் அப்படித்தான்.

1. முழுக்க மஞ்சளாக, மூடி போல இருப்பது: தங்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் செம்பு கலந்த மஞ்சள் உலோகத்திலும் கேப் செய்வார்கள். மேலே மட்டும் தங்க நிறப் பூச்சு கொடுத்ததும் உண்டு. நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது.

2. வெளியே பல் நிறப் பீங்கான், உள்ளே வெள்ளை உலோகம்: இப்போது போடுகிற கேப்பில் பெரும்பாலும் இப்படி நிக்கல், குரோமியம், கோபால்ட் கலந்த உலோகம்தான் இருக்கும். அதில் தங்கம் இல்லை. உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் மட்டும் சோதிக்கக் கொடுக்கலாம்.

3. பல் ஓட்டையை அடைத்த வெள்ளி நிற, கறுத்த அடைப்பு: இதில் தங்கம் கிடையாது. இதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். இதை அடுப்பில் காட்டவே கூடாது. பாதரச ஆவி நுரையீரலையும் நரம்பையும் கெடுக்கும்.

4. பல்லை வரிசைப்படுத்தப் போடுகிற கம்பி, கிளிப்: இது எவர்சில்வர் வகை. விலை இல்லை.

5. கழற்றி மாட்டுகிற பல் செட்: பிளாஸ்டிக்கும் சாதாரண உலோகமும்தான்.

"காந்தம் வச்சுப் பார்த்தா தெரியாதாக்கா?" என்று கேட்பார்கள். காந்தத்தில் ஒட்டினால் அது தங்கம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று சொல்ல முடியாது. பித்தளையும் செம்பும்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது.

விற்பதற்கு முன் ஒரு வார்த்தை

உங்கள் வாயிலிருந்தே கேப் கழன்று விழுந்திருந்தால், உடனே விற்க நினைக்காதீர்கள். உடையாமல் இருந்தால் பல் டாக்டர் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும். புதுசாகச் செய்தால் ஆகிற செலவு, இதை விற்றுக் கிடைக்கிற காசைவிட அதிகமாகவும் ஆகலாம். முதலில் அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலோ உங்களுக்குத் தெரிந்த பல் டாக்டரிடமோ காட்டுங்கள்.

புது கேப் போடுவதற்காகப் பழையதைக் கழற்றும்போது, "டாக்டர், பழைய கேப்பை எனக்குக் கழுவிக் கொடுத்துடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசு கொடுத்துப் போட்டது உங்கள் பொருள். கேட்பதில் வெட்கம் எதற்கு? கழற்றி முடித்த பிறகு கேட்டால் அது குப்பையோடு போயிருக்கும். அதே டாக்டரிடம் "இது தங்கமா, என்ன உலோகம்?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் அல்லாத ஒருவர் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் அலசித் துடையுங்கள். உள்ளே பல் துண்டு ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். சுத்தியலால் தட்டாதீர்கள், பீங்கானை உடைக்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், அடுப்பில் உருக்காதீர்கள். பொருளும் சேதமாகும், உடம்புக்கும் கெடுதல்.

கடையில் கேட்க வேண்டிய மூணு கேள்வி

போடியில் ஏலக்காய் எப்படி விற்கிறது என்று நமக்குத் தெரியும். ஸ்பைசஸ் போர்டு 2007-இல் மின்னணு ஏலம் கொண்டுவந்தது. ஏலத்தில் முதலில் சாம்பிளைக் காட்டுவார்கள். காயின் பருமன், நிறம் பார்ப்பார்கள். எத்தனை கிலோ என்று சொல்வார்கள். அதற்கப்புறம்தான் விலை கேட்பார்கள். தரமும் எடையும் தெரியாமல் எந்த வியாபாரியாவது விலை சொல்வாரா? மாட்டார். தங்கமும் அதேபோலத்தான். எடை வேறு, மாற்று வேறு, விலை வேறு. மூணையும் தனித்தனியாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மூணையும் சேர்த்து "இந்தாம்மா, இவ்வளவு தர்றேன்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், அதில் எது குறைந்தது என்று நமக்குத் தெரியாது.

முதல் கேள்வி: எடை எவ்வளவு?

தராசு உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பொருளை வைக்கும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வருடாவருடம் முத்திரை போட வேண்டும். அந்த முத்திரையைப் பார்க்கக் கேட்கலாம்.

பல் துண்டும் சிமெண்டும் ஒட்டியிருந்தால் இரண்டு தடவை எடை போடச் சொல்லுங்கள். ஒட்டியபடியே ஒரு எடை. உங்கள் எதிரிலேயே சுத்தம் செய்த பிறகு ஒரு எடை. இரண்டாவது எடைக்குத்தான் காசு. எடை குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். குறைந்தது பல்லும் சிமெண்டும்தான். பொருளை உள்ளறைக்கு எடுத்துப் போகிறேன் என்றால் "இங்கேயே செய்ங்கண்ணே" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: மாற்று எவ்வளவு?

"பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மாற்றுதான் இது. எவ்வளவு சுத்தம் என்பதற்கான பழைய தமிழ்க் கணக்கு. இப்போது காரட் என்றும் சதவீதம் என்றும் சொல்கிறோம். 24 காரட் என்றால் சுத்தத் தங்கம். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதைத்தான் 916 என்கிறோம். 18 காரட் என்றால் 75 பங்கு. 14 காரட் என்றால் 58.5 பங்கு.

மாற்று பார்க்க மூணு வழி உண்டு.

உரைகல்: பொருளைக் கல்லில் உரைத்து, தெரிந்த மாற்றுள்ள உரையாணியின் கோட்டோடு ஒப்பிட்டு, மேலே திராவகம் விட்டுப் பார்ப்பார்கள். அனுபவப்பட்ட ஆசாரி கண் நன்றாகச் சொல்லும். ஆனால் தங்கப்பல்லில் ஒரு சிக்கல். பல்லேடியமும் பிளாட்டினமும் கலந்திருந்தால் கோடு வெளுத்துத் தெரியும். உண்மையில் இருக்கிற தங்கத்தைவிடக் குறைவாக மதிப்பிட வாய்ப்பு உண்டு.

காரட் மீட்டர்: எக்ஸ்ரே கதிரை விட்டு என்னென்ன உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற இயந்திரம். பொருளுக்குச் சேதம் இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும். மேலே பூச்சு இருந்தால் ஏமாந்துபோகும். அதனால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

உருக்கிப் பார்ப்பது: உருக்கினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் கட்டியைக் காரட் மீட்டரில் வைத்தால் வருகிற கணக்கு நம்பகமானது. ஆனால் உருக்கும் முன்பே பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். "உருக்கின பிறகு விலை ஒத்து வரலைன்னா கட்டியை நான் திரும்ப வாங்கிக்குவேன். உருக்குக் கூலி எவ்வளவு?" என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் உருக்க விடுங்கள். உங்கள் கண் முன்னால் உருக்க வேண்டும். முன்னும் பின்னும் எடை போட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்த விலைக்கு எடுக்கிறீர்கள்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். பேப்பரிலும் டிவியிலும் நமக்குச் சொல்கிற கிராம் விலை பெரும்பாலும் 22 காரட் ஆபரணத் தங்கத்தின் விலை. 24 காரட் சுத்தத் தங்கத்துக்கு விலை தனி. அது அதைவிட அதிகம். உங்கள் பொருளில் இருக்கிற சுத்தத் தங்கத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்த பிறகு, அதற்கு 24 காரட் விலைதான் வர வேண்டும். சுத்தத் தங்கத்துக்கு 22 காரட் விலை போட்டால் ஒரே கழிவை இரண்டு தடவை கழித்த மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தங்கம் விலை தினமும் மாறும். அதனால் கணக்குக்கு லேசாக இருக்க 24 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்றும், 22 காரட் ஒரு கிராம் 9,160 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் போகிற அன்றைய விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பல் ஒட்டியபடி எடை: 3.1 கிராம்.
சுத்தம் செய்த பிறகு எடை: 2.5 கிராம்.
காரட் மீட்டர் காட்டிய தங்கம்: நூற்றுக்கு 65.
சுத்தத் தங்கம்: 2.5 கிராமில் 65 பங்கு, அதாவது 1.625 கிராம்.

சரியான கணக்கு: 1.625 x 10,000 = 16,250 ரூபாய்.
தவறான கணக்கு: 1.625 x 9,160 = 14,885 ரூபாய்.

வித்தியாசம் 1,365 ரூபாய்! பொருளும் அதே, எடையும் அதே, மாற்றும் அதே. எந்த விலையைப் போட்டார்கள் என்பதில் மட்டும் இவ்வளவு போய்விடுகிறது.

16,250 முழுசாகக் கைக்கு வருமா என்றால் வராது. வாங்குகிறவர் உருக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், அவருக்கு லாபமும் வேண்டும். அதற்காக ஒரு பங்கு கழிப்பார். நூற்றுக்கு 8 கழித்தால் 1,300 போக 14,950 ரூபாய். கழிவு கடைக்குக் கடை மாறும். ஆகவே "கழிவு எத்தனை பெர்சன்ட்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு கடையில் கேளுங்கள். ஒரே கடையில் கேட்டு அங்கேயே கொடுத்துவிட்டு வருவது, ஒரே ஆள் மட்டும் விலை கேட்கிற ஏலத்தில் காயை விற்ற மாதிரி.

பல்லேடியம், பிளாட்டினத்துக்கும் விலை உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஒரு பல்லில் இருக்கிற சொற்ப அளவைப் பிரித்தெடுக்க ஆகிற செலவு அதிகம். அதனால் நகைக் கடையில் அதற்குக் காசு தர மாட்டார்கள். பெரிய அளவில் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். ஜப்பானில் சில மாநகராட்சிகள் தகனம் முடிந்து மிஞ்சிய சாம்பலிலிருந்து தங்கம், வெள்ளி, பல்லேடியத்தைப் பிரித்து விற்று, வருமானத்தில் சேர்க்கின்றன. ஒவ்வொரு பல்லிலும் கொஞ்சம்தான். சேர்ந்தால் பெரிய தொகை.

அதைக் கேட்டுவிட்டு நம்ம குழுவில் நாலு பேர் பொருளையும் ஒன்றாகப் போட்டு உருக்கிவிடாதீர்கள். யாருடையது எத்தனை மாற்று என்று பிறகு பிரிக்க முடியாது. மனஸ்தாபம்தான் மிஞ்சும். கடைக்குச் சேர்ந்து போங்கள். பொருளைத் தனித்தனியாக எடை போடுங்கள்.

பல்லுக்கு ஹால்மார்க் முத்திரை இல்லையே?

கடைக்காரர் "இதுல முத்திரை இல்லம்மா, அதனால விலை போகாது" என்று சொல்லலாம். பல்லுக்கு முத்திரை எப்போதுமே கிடையாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் 2021 ஜூன் மாதத்திலிருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. அந்த உத்தரவிலேயே மருத்துவத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் ஆன பொருள்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். 2 கிராமுக்குக் குறைவான பொருள்களுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாதது குற்றமும் இல்லை, பொருளின் குறையும் இல்லை. சோதித்துப் பார்த்தால் போதும்.

உங்களிடம் இருப்பது முத்திரை இல்லாத பழைய நகை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் யார் வேண்டுமானாலும் நகையைச் சோதிக்கக் கொடுக்கலாம். நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய் கட்டணம், அஞ்சு அல்லது அதற்கு மேல் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். பக்கத்தில் எந்த ஊரில் மையம் இருக்கிறது என்பதை 'பிஐஎஸ் கேர்' என்ற செல்போன் செயலியில் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.

பாட்டி காலத்து நகை எல்லாம் சுத்தமா?

"அந்தக் காலத்துத் தங்கம் கலப்பே இருக்காது" என்று நம்புகிறோம். எல்லாம் அப்படி இல்லை. 1963-இல் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றது. ஆசாரிமார் குடும்பங்கள் அதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1966-இல் 14 காரட் தடை நீங்கியது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் ஒழிந்தது. ஆகவே அந்த நாளில் செய்த சில நகைகள் 14 காரட்டாகவே இருக்கலாம். பற்றவைத்த இடங்களிலும் மாற்று குறையும். கம்மல், அட்டிகையின் உள்ளே அரக்கு இருந்தால் அந்த எடை தங்கம் இல்லை. கல்லையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் பொருள்.

விற்றுக் காசாக வாங்கினால் அதற்கு நீங்கள் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த பழைய தங்கத்தைத் தனிநபர் கடைக்கு விற்றால் அந்த வரி வராது. பழசைக் கொடுத்துப் புது நகை எடுத்தால் புது நகைக்கு வரி உண்டு. செய்கூலி, சேதாரமும் சேரும். "சேதாரம் இல்லை" என்று போர்டு வைத்த கடையில், பழைய தங்கத்தை என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வீடு தேடி வருகிறவர் வேண்டாம்

கூலி நாளாகப் பார்த்து எஸ்டேட் லயத்துக்கும் மலையடிவார ஊருக்கும் சிலர் வருவார்கள். "உடைஞ்ச நகை, தங்கப்பல், பழைய தங்கம் எதுன்னாலும் எடுத்துக்கிறோம்" என்பார்கள். கையில் சின்னத் தராசு இருக்கும். அந்தத் தராசுக்கு முத்திரை இருக்காது, அந்த ஆளுக்கு முகவரி இருக்காது. நாளைக்குக் கேள்வி கேட்க ஆள் கிடைக்க மாட்டார். "நகைக்குப் பாலிஷ் போட்டுத் தர்றோம்" என்று வருகிறவர்களும் உண்டு. திராவகத்தில் முக்கினால் நகை பளபளக்கும். தங்கமோ திராவகத்தில் கரைந்து அவரோடு போய்விடும். இரண்டு பேருக்கும் வாசலிலேயே "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

நிலையான கடையில் விற்றால் ஆதார் நகல் கேட்பார்கள். திருட்டுப் பொருளை வாங்கினால் அவர்கள் மேல் வழக்கு வரும், அதனால்தான் கேட்கிறார்கள். நகலில் "பழைய தங்கம் விற்பதற்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். எடை, மாற்று, விலை, கழிவு நாலும் எழுதிய சீட்டு வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் வருமானவரிக் கணக்குக்காகக் கடைக்காரர் ரொக்கம் தராமல் வங்கியில் போடுவதாகச் சொல்லலாம். நல்லதுதான். உங்கள் பெயரில் இருக்கிற கணக்கைக் கொடுங்கள்.

இது யாருடைய பொருள்?

அம்மா போன பிறகு அவர் தங்கப்பல் யாரிடமோ தங்கிவிடும். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகளிடம் இருக்கும், அல்லது மருமகளிடம் இருக்கும். பிறகு அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். விற்ற சேதி தெரிந்த அன்றைக்குத்தான் சண்டை வரும்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்தில் மகன், மகள், கணவர் எல்லோருக்கும் சம பங்கு. மகள் கட்டிக்கொடுத்துப் போனவள் என்பதால் பங்கு போய்விடாது. ஒரு பல்லுக்காகக் கோர்ட்டுக்கு யாரும் போகப் போவதில்லை. ஆனால் விற்கும் முன்பு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உறவு கெடாது. விற்கவே மனசு வரவில்லையா? வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தப்பில்லை. விற்றே ஆக வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. விற்றால் சரியான விலைக்கு விற்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

அவசரத்துக்கு விற்காதீர்கள்

விலையைக் குறைப்பது கடைக்காரர் மட்டும் இல்லை. நம்ம அவசரமும்தான். நாளைக்குக் காலையில் ஃபீஸ் கட்டணும் என்று இன்றைக்குச் சாயந்திரம் கடைக்கு ஓடினால், இரண்டாவது கடைக்குப் போக நேரம் இருக்காது. சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. முகத்தைப் பார்த்தே நம்ம அவசரம் தெரிந்துவிடும்.

தங்கப்பல்லை அடகு வைக்கலாமா என்றால் வங்கியில் முடியாது. வங்கிகள் நகைக்கும், குறிப்பிட்ட வகைத் தங்க நாணயத்துக்கும்தான் கடன் தரும். உருக்கிய கட்டிக்கும் தராது.

இங்கேதான் நம்ம குழு உதவுகிறது. அவசரத்துக்குக் குழுவில் உள்கடன் 5,000 ரூபாய் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்கு உங்களுக்கு ஒரு மாத அவகாசம் கிடைக்கிறது. டாக்டரிடம் காட்டலாம். இரண்டு கடையில் மாற்றும் விலையும் கேட்கலாம். கூடப்பிறந்தவர்களிடம் பேசலாம். நிதானமாக விற்று, உள்கடனை அடைத்துவிட்டு, மீதியைச் சேமிப்பில் போடலாம். மேலே போட்ட கணக்கில் விலையைத் தவறாகப் போட்டதில் மட்டும் 1,365 ரூபாய் போனதே, அதோடு இந்த 50 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள். குழு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அன்றைய விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கடைக்குப் போகிற அன்றைக்கு, கணக்குத் தெரிந்த ஒருவர் துணைக்குப் போங்கள்.

மறக்காமல் இருக்க...

* மஞ்சள் எல்லாம் தங்கம் இல்லை. தங்கப்பல் எல்லாம் 22 காரட் இல்லை.
* வீட்டில் உருக்காதீர்கள், உடைக்காதீர்கள். கறுத்த அடைப்பைச் சூடுபடுத்தாதீர்கள்.
* எடை, மாற்று, விலை: தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். கழிவையும் கேளுங்கள்.
* சுத்தத் தங்கத்துக்கு 24 காரட் விலை.
* உருக்கும் முன் பேசுங்கள். கண் முன்னால் உருக்கட்டும்.
* இரண்டு கடை. இரண்டு பேர். ஒரு சீட்டு.
* அவசரத்துக்குக் குழுக் கடன். விற்பனைக்கு நிதானம்.

ஒரு கிலோ காயில் நூறு கிராம் குறைத்துப் போட்டால் விடுவோமா? தராசுப் பக்கம் போய் நின்று கேட்போம். அதே தைரியம் தங்கத்துக்கும் வேண்டும். கேட்போம், கணக்குப் பார்ப்போம், அப்புறம் கொடுப்போம்!